7,928 ஓட்டு: ஒரே வாக்குச்சீட்டு, ரெண்டு முடிவு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துக்குப் போறோம். லாஸ் வேகாஸ் இருக்கிற மாநிலம். சூதாட்டத்தைப் பத்திப் பேசப் போறதில்லை. ஆனா கிட்டத்தட்ட அதே அளவுக்குப் படபடப்பான ஒரு தேர்தலைப் பத்திப் பேசப் போறோம்.

2022 நவம்பர் 8. அன்னைக்கு நெவாடா மக்கள் கையில இருந்த வாக்குச்சீட்டுல, மறுபடியும் பதவி கேட்டு நின்ன ரெண்டு பெரிய பெயர்கள் இருந்தன. ஒருவர் செனட்டர் கேத்தரின் கோர்ட்டெஸ் மாஸ்டோ. இன்னொருவர் ஆளுநர் ஸ்டீவ் சிசோலக். ரெண்டு பேரும் ஜனநாயகக் கட்சி. அதே மாநிலம், அதே நாள், அதே வாக்காளர்கள், அதே விலைவாசி. முடிவுல செனட்டர் 7,928 ஓட்டுல ஜெயிச்சார். ஆளுநர் சுமார் 15,000 ஓட்டுல தோத்தார்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த வருஷப் பொதுத்தேர்தல்ல, மறுபடியும் நின்ன செனட்டர்கள் யாருமே நாடு முழுக்கத் தோக்கலை. தோத்த ஒரே ஆளுநர் சிசோலக்தான். அப்போ, ஏற்கெனவே பதவியில இருக்கிறது பலமா, பாரமா? இதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

முதல்ல, நெவாடா எப்படி ஓட்டு போடுது?

2020-ல மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். அதுல பத்துல ஏழு பேருக்கு மேல லாஸ் வேகாஸ் அடங்கிய கிளார்க் கவுண்டியில இருக்காங்க. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கங்க. அடுத்த பெரிய ஊர் வடக்கே இருக்கிற ரீனோ. அது வாஷோ கவுண்டி. மத்ததெல்லாம் சுரங்கம், பண்ணை, பாலைவனம்னு ஆள் குறைஞ்ச பகுதிகள்.

கணக்கு பார்க்க எளிமையா இருக்கும். கிராமப்புறம் குடியரசுக் கட்சிக்கு. கிளார்க் ஜனநாயகக் கட்சிக்கு. நடுவுல வாஷோ ஊசலாடும். 2020-ல ஜோ பைடன் இங்கே ஜெயிச்ச வித்தியாசம் 2.4 சதவீதம்தான். எந்தக் கட்சியிலயும் பதிவு செய்யாத வாக்காளர்களும் இங்கே நிறைய. இப்படிப்பட்ட மாநிலத்துல யாருக்கும் பாதுகாப்பான நாற்காலின்னு ஒண்ணு கிடையாது.

மோதிய ரெண்டு பேர் யார்?

கோர்ட்டெஸ் மாஸ்டோ லாஸ் வேகாஸ்லயே பிறந்தவர். தாத்தா மெக்சிகோவுல இருந்து வந்தவர். அப்பா ஆரம்ப காலத்துல ஒரு கேசினோவுல கார் பார்க் பண்ணிவிடுற வேலை பார்த்தவர். பிறகு அந்த நகரத்தின் சுற்றுலா வாரியத்துக்கே தலைவரானார். மகள் எட்டு வருஷம் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது தலைமைச் சட்ட அதிகாரி. 2016-ல செனட்டுக்குத் தேர்வானார். லத்தீன் அமெரிக்க வம்சாவளியில செனட்டரான முதல் பெண் இவர்தான்.

எதிர்த்து நின்னவர் குடியரசுக் கட்சியின் ஆடம் லாக்ஸால்ட். இவரும் முன்னாள் அட்டர்னி ஜெனரல். தாத்தா பால் லாக்ஸால்ட் நெவாடாவின் ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவர். அதனால பெயரை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனா 2020-ல டிரம்ப்பின் நெவாடா பிரச்சாரத்துக்கு இணைத் தலைவரா இருந்தவர், அந்தத் தேர்தல் முடிவை எதிர்த்த சட்டப் போராட்டத்துல முன்னணியில நின்னவர். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

பில் யார் தலையில?

பதவியில இருக்கிறவங்களுக்குப் பெயர் தெரியும், பணம் வரும், செய்த வேலைன்னு காட்ட ஏதாவது இருக்கும். அதெல்லாம் லாபக் கணக்கு. நஷ்டக் கணக்கு என்னன்னா, மக்கள் எரிச்சல்ல இருந்தா அந்த பில் இவங்க மேஜைக்குத்தான் வரும்.

2022-ல எரிச்சலுக்குக் காரணம் நிறைய. அந்த ஜூன் மாசம் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 சதவீதம், நாப்பது வருஷத்துல அதிகம். நெவாடாவுல பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டிடுச்சு. பஸ்ஸும் ரயிலும் குறைவான ஊர்ல, காரை எடுக்காம வேலைக்குப் போக முடியாத ஆளுக்கு அது தினமும் வலிக்கிற அடி.

அதுக்கும் முன்னாடி கோவிட். 2020 மார்ச்ல கேசினோக்கள் மூடப்பட்டு 78 நாள் திறக்கவே இல்லை. அந்த ஏப்ரல்ல நெவாடாவின் வேலையின்மை சுமார் 30 சதவீதம், நாட்டிலேயே அதிகம். ஹோட்டல் அறை சுத்தம் பண்றவங்க, சமையல்காரங்க, சீட்டு விளையாட்டு டீலர்கள்னு ஒரு நகரமே வீட்டுல உட்கார்ந்துச்சு. மூட உத்தரவு போட்டவர் ஆளுநர் சிசோலக். நோயைத் தடுக்க அது தேவைன்னு சொன்னவங்களும் உண்டு. ஆனா வாடகை கட்ட முடியாம தவிச்சவர் மனசுல அந்தக் கையெழுத்துதான் நின்னுச்சு.

செனட்டர் அப்படி எந்த உத்தரவுலயும் கையெழுத்து போடலை. வாஷிங்டன்ல இருக்கிற நூறு பேர்ல அவர் ஒருத்தர். ஆனா அதே கட்சி, அதே அதிபர். பாதி பில் அவர் மேஜைக்கும் வந்துச்சு.

அவர் செய்த மூணு வேலைகள்

ஒண்ணு, விலைவாசிப் பேச்சுல இருந்து ஓடலை, திருப்பிவிட்டார். லாக்ஸால்ட் அட்டர்னி ஜெனரலா இருந்தப்போ ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கு ஆதரவா நீதிமன்றத்துல நின்னதை விளம்பரம் விளம்பரமா ஓட்டினார். ‘பெட்ரோல் விலை உங்களை வதைக்குது, சரி. எண்ணெய் கம்பெனி பக்கம் யார் நின்னாங்க?’ இதுதான் அந்த விளம்பரங்களின் சாரம்.

ரெண்டு, கருக்கலைப்பு உரிமை. 2022 ஜூன் 24-ல, நாடு முழுக்க அந்த உரிமையைக் காத்துவந்த பழைய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. நெவாடாவுல 24 வாரம் வரை அது சட்டப்படி அனுமதி. 1990-ல மக்கள் வாக்கெடுப்பு மூலமா அதை உறுதி செஞ்சிருக்காங்க. இன்னொரு மக்கள் வாக்கெடுப்பு இல்லாம மாநில சட்டமன்றம் அதை மாத்த முடியாது. ‘இங்கே சட்டம் பத்திரமா இருக்கு, இது இந்தத் தேர்தல் பிரச்சினையே இல்லை’ என்பது லாக்ஸால்ட் தரப்பு வாதம். ஆனா 13 வாரத்துக்கு மேல தடை கேட்டு வாக்கெடுப்பு வந்தா ஆதரிப்பேன்னு அவரே சொல்லியிருந்தார். செனட்டர் அந்தப் பேச்சை விடாம பிடிச்சுக்கிட்டார். வாஷிங்டன்ல நாடு தழுவிய தடைச் சட்டம் வந்தா மாநிலச் சட்டம் காப்பாத்தாது, அப்போ செனட்ல யார் இருக்காங்கங்கிறதுதான் முக்கியம்னு சொன்னார்.

மூணு, எதிர் முகாம்ல இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். ரீனோவை ஒட்டிய ஸ்பார்க்ஸ் நகர மேயர் குடியரசுக் கட்சிக்காரர். அவர் இவரை ஆதரிச்சார். அதைவிடப் பேசப்பட்டது அக்டோபர்ல நடந்தது. லாக்ஸால்ட்டின் சொந்தக் குடும்பத்தினர் 14 பேர் சேர்ந்து கோர்ட்டெஸ் மாஸ்டோவுக்கு ஆதரவா அறிக்கை விட்டாங்க! வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்த மாதிரி இருக்கும் பார்க்க. ஆனா ஊசலாடுற வாக்காளருக்கு அதுல ஒரு சேதி இருந்துச்சு: கட்சி மாறி ஓட்டு போடுறது துரோகம் இல்லை, அந்தக் குடும்பமே போடுது.

கதவைத் தட்டினவங்க

விளம்பரத்தை டிவியில போடலாம். ஓட்டை வீட்டுக்குப் போய்த்தான் வாங்கணும். இந்த வேலையை நெவாடாவுல செய்றது சமையல் தொழிலாளர் சங்கத்தின் 226-வது கிளை. பெயர் சமையல்னு இருந்தாலும் அறை சுத்தம் பண்றவங்க, உணவு பரிமாறுறவங்க, மூட்டை தூக்குறவங்கன்னு சுமார் 60,000 பேர் அதுல உறுப்பினர்கள். ஒப்பந்தப்படி அவங்க வேலையில இருந்து விடுப்பு எடுத்துட்டுத் தேர்தல் வேலை பார்க்கலாம். அந்தத் தேர்தல்ல பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகளைத் தட்டினதா சங்கம் சொல்லுது.

தினமும் பதினஞ்சு அறை சுத்தம் பண்ற ஒரு அக்கா வீட்டு வாசல்ல வந்து நின்னு, ‘எங்க வீட்டு வாடகையும் ஏறிடுச்சு, வாங்க பேசலாம்’னு சொன்னா, அதைக் கேட்குற விதமே வேற இல்லையா? செனட்டரோட முகத்தைவிட அந்த முகத்துக்கு நம்பிக்கை அதிகம்.

நாலு நாள் தூக்கமில்லை

நெவாடாவுல வாக்காளர் பட்டியல்ல நடப்புல இருக்கிற எல்லோருக்கும் தபால் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். தேர்தல் நாள் தபால் முத்திரை இருந்தா, நாலு நாள் கழிச்சு வந்தாலும் எண்ணணும். அதனால எண்ணிக்கை இழுத்துச்சு.

முதல் ராத்திரி லாக்ஸால்ட் முன்னிலை. கிராமப்புற ஓட்டு சீக்கிரம் எண்ணப்பட்டது ஒரு காரணம். பிறகு கிளார்க், வாஷோ தபால் ஓட்டுகள் ஒவ்வொரு கட்டா வர வர வித்தியாசம் உருகிச்சு. வெள்ளி இரவு வெறும் 800 சொச்சம். சனிக்கிழமை, நவம்பர் 12 மாலை, கிளார்க் கவுண்டியின் அடுத்த கட்டு வந்ததும் செனட்டர் முந்திட்டார்.

இதுல சூழ்ச்சி ஒண்ணும் இல்லை. எந்த ஓட்டு எப்போ எண்ணப்படுதுங்கிற வரிசைதான் காரணம். இன்னொரு வேலையும் நடந்துக்கிட்டு இருந்துச்சு. தபால் உறையில கையெழுத்து பொருந்தலைன்னா அதைச் சரிசெய்ய வாக்காளருக்கு நவம்பர் 14 வரை நேரம். ரெண்டு தரப்புத் தொண்டர்களும் அந்தப் பட்டியலை வெச்சுக்கிட்டு போன் மேல போன் போட்டாங்க. தேர்தல் முடிஞ்ச பிறகும் தேர்தல் வேலை.

இறுதிக் கணக்கு: கோர்ட்டெஸ் மாஸ்டோ 4,98,316. லாக்ஸால்ட் 4,90,388. மொத்தம் 17 பகுதிகள்ல செனட்டர் ஜெயிச்சது ரெண்டே ரெண்டு, கிளார்க்கும் வாஷோவும். ஆறு வருஷம் முன்னாடி அவர் வாஷோவைக்கூடப் பிடிக்கலை.

அங்கேயும் நோட்டா உண்டு

நெவாடா வாக்குச்சீட்டுல ‘இவர்களில் யாரும் இல்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. நம்ம ஊருக்கு நோட்டா 2013-ல வந்துச்சு. அங்கே 1976-லயே வந்துடுச்சு. செனட் போட்டியில அந்தக் கட்டத்தை நிரப்பினவங்க 12,441 பேர். ஜெயிச்ச வித்தியாசத்தைவிட அதிகம்! அந்தக் கட்டம் இல்லாம இருந்திருந்தா முடிவு மாறியிருக்கும்னு சொல்ல முடியாது. அவங்க வீட்டுலயே இருந்திருக்கலாம், ரெண்டு பக்கமும் பிரிஞ்சிருக்கலாம். ஆனா ரெண்டு பேர் மேலயும் கோபமா இருந்தவங்க எத்தனை பேர்னு ஒரு அளவு கிடைக்குது.

அப்போ ஆளுநர் ஏன் தோத்தார்?

கோர்ட்டெஸ் மாஸ்டோ, சிசோலக்கைவிட சுமார் 16,000 ஓட்டு அதிகம் வாங்கினார். அப்போ கட்சி பார்க்காம ஆளைப் பார்த்து ஓட்டு போட்டவங்க அங்கே இருந்திருக்காங்க. ஒரே ஒரு காரணம் சொல்லிட முடியாது. ஆனா ரெண்டு வேறுபாடு கண்ணுக்குத் தெரியுது. கேசினோக்களை மூடிய கை ஆளுநருடையது. அடுத்தது எதிராளி. சிசோலக்கை எதிர்த்த ஜோ லம்பார்டோ, கிளார்க் கவுண்டியின் ஷெரிஃப். உள்ளூர் போலீஸ் தலைவர்ங்கிற முகம். லாக்ஸால்ட்டுக்கு இருந்தது 2020 தேர்தலை எதிர்த்தவர்ங்கிற முகம். இதே லாக்ஸால்ட்டை 2018-ல ஆளுநர் தேர்தல்ல தோற்கடிச்சவர் யார் தெரியுமா? சிசோலக்தான்.

ஆக, பதவி தனியா பலமும் இல்லை, பாரமும் இல்லை. அந்தப் பதவியால மக்கள் வாழ்க்கையில என்ன நடந்துச்சு, எதிர்ல யார் நிக்கிறாங்க, இந்த ரெண்டும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யுது.

7,928 ஓட்டுக்கு என்ன விலை?

அந்த சனிக்கிழமை முடிவோட ஜனநாயகக் கட்சிக்கு செனட்ல 50 இடம் உறுதியாச்சு. மொத்தம் 100. சமநிலை வந்தா துணை அதிபர் ஓட்டு போடுவார். அப்போ அந்த நாற்காலியில இருந்தவர் கமலா ஹாரிஸ், சென்னையில இருந்து போன சியாமளா கோபாலனின் மகள். நீதிபதி நியமனங்களும் அமைச்சர் நியமனங்களும் செனட் வழியாத்தான் போகணும். அடுத்த ரெண்டு வருஷத்துக்கு அந்தச் சாவி யார் கையிலங்கிறதை, ஒரு கிரிக்கெட் மைதானத்துல கால்வாசியைக்கூட நிரப்பாத கூட்டம் தீர்மானிச்சுது.

2024-லயும் இதே பாடம்தான். நெவாடாவுல அதிபர் தேர்தல்ல டிரம்ப் ஜெயிச்சார். ஆனா அதே நாள்ல ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜாக்கி ரோஸன் தன் இடத்தைக் காப்பாத்திக்கிட்டார். பென்சில்வேனியாவுல மூணு முறை ஜெயிச்ச பாப் கேஸி சுமார் 15,000 ஓட்டுல தோத்தார்.

அடுத்த தடவை ‘என் ஒரு ஓட்டால என்ன ஆயிடப் போகுது’ன்னு யாராவது சொன்னா, நெவாடாவுல ‘கையெழுத்து பொருந்தலை, சரிசெய்ங்க’ன்னு போன் வந்த அந்த வாக்காளர்களை நினைச்சுப் பாருங்க. சில பேர் எடுத்தாங்க. சில பேர் தெரியாத நம்பர்னு கட் பண்ணிட்டாங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.