திருப்பிச் சொல்லச் சொன்னார்களா?

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். "தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்றார். அதோடு முடிந்தது பேச்சு. வாசலில் இன்னும் அறுபது பேர் காத்திருந்தார்கள். நம் லேத்துப் பட்டறைத் தோழரும் சாப்பிட்டார். ஒரு மாதத்தில் தலைசுற்றல் நின்றது. நோய் தீர்ந்ததென்று எண்ணி மாத்திரையையும் நிறுத்தினார். ஐந்தாம் மாதம், ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் முன்னாலேயே வலது கையும் காலும் செயலிழந்து சாய்ந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிய நம்மிடம் அங்கிருந்த ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை!"

யார் படிக்காதவர்? நாள்தோறும் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பவர் அவர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பிடித்துவிடும் கை அவருடையது. அப்படிப்பட்டவரிடம், "இந்த நோய் வலிக்காது, தலைசுற்றல் நின்றாலும் உள்ளே இருக்கும், நாங்கள் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று எவரும் சொல்லவில்லை. "தொடர்ந்து" என்றால் எதுவரை? உடம்பு நேராகும்வரை என்று அவர் எண்ணிக்கொண்டார். அதில் என்ன குற்றம் கண்டீர்கள்?

டாக்டரையே கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் ஒருபுறம். அரைநாள் கூலி போகிறதே என்ற அவசரம் மறுபுறம். அட்டையைப் பார்க்கலாமே என்றால், அதிலிருப்பது ஆங்கிலம். அதுவும் எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடக்கூடாத கிருமிக்கொல்லி மருந்துகளின் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்து எச்சரிக்கையாயிருங்கள் என்று 2016-ல் மத்திய அரசு பிரசாரம் தொடங்கியது. கோடு வந்தது. அந்தக் கோட்டுக்குப் பொருள் என்னவென்று நமது பட்டறையில் கேட்டுப் பார்த்தோம். "கம்பெனி அடையாளம்" என்றார் ஒருவர்!

எழுத்தறிவு வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் வங்கதேசத்தைப் பார்க்கட்டும். 1971 போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாம்களில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தட்டுப்பட்ட வேளையில், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். சாவு பெருமளவு குறைந்தது. வழி தெரிந்துவிட்டது, அதை எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

1980-ல் அந்நாட்டின் 'பிராக்' ஸ்தாபனம் பெண் ஊழியர்களை வீடுவீடாக அனுப்பியது. புத்தகமில்லை, துண்டுப் பிரசுரமில்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். (அன்றைய கணக்கு அது, இன்று பொட்டலமாகவே கிடைக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கென்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும்.) சில வாரம் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய்க் கேட்பார். தாய் எவ்வளவு சரியாகச் சொல்கிறாரோ, கலந்து காட்டுகிறாரோ, அதற்குத் தக்கபடிதான் ஊழியருக்குச் சம்பளம்! பீஸ்ரேட் கூலியை எதிர்த்துக் கொடிபிடித்த நமக்கு இந்த ஏற்பாடு சற்று நெருடத்தான் செய்கிறது. ஆனால் அதிலுள்ள நியாயத்தைப் பாருங்கள்: சொன்னது கணக்கில்லை, கேட்டவருக்கு விளங்கியதே கணக்கு.

அப்படியும் முதலில் தோற்றார்கள். தாய்மார் பாடத்தை ஒப்பித்தார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கலந்து கொடுத்தவர்களோ வெகு சிலர். ஏன் என்று துருவினார்கள். ஊழியர்களிலேயே பலர் தங்களுக்கு வயிறு கெட்டால் மாத்திரையைத் தேடினார்களாம்! தானே நம்பாததை ஊரார் நம்பவேண்டுமென்றால் நடக்குமா? இன்னொன்றும் தெரிந்தது. ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. வீட்டில் இன்ன மருந்துதான் என்று தீர்மானிப்பதில் அவர்கள் சொல் ஓங்கியிருந்தது. ஊழியர்களுக்குத் திரும்பவும் பயிற்சி தந்தார்கள். கடைத்தெருவிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். தாயின் கையாலேயே கலக்கச் செய்தார்கள். 1990-க்குள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பாடம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, இரத்தக் கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். மாத்திரை வரும் வாசலிலேயே இரண்டு கேள்வியும் வரட்டும்: "இது எதற்கு? எப்போது நிறுத்துவீர்கள்?" பதிலை நோயாளியின் வாயால் கேட்கட்டும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அட்டையில் தமிழும் வேண்டும். அதற்கான கோரிக்கையை நாம் எழுப்பத்தான் வேண்டும்.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? போனஸ் கணக்கைக் கரும்பலகையில் போட்டு, கடைசித் தோழருக்கும் விளங்கும்வரை விளக்கியவர்கள் நாம். ஐந்து மாதம் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோமே, "மாத்திரை சாப்பிடுகிறீரா?" என்று ஒருநாள் கேட்டோமா? கேட்கவில்லை. இப்போது சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். விவரம் தெரிந்த நர்சு ஒருவர் வந்து தமிழில் சொல்கிறார். பிறகு நம்மைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். முதல் வாரம் வந்தவர்கள் நாலு பேர்.

ஐந்தாவதாக நம் லேத்துத் தோழரும் வந்தார், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. வலக்கை இன்னும் தூக்க வரவில்லை. மாத்திரை அட்டையை இடக்கையால் மேசைமேல் வைத்து, "இது நிறுத்தக்கூடாதது" என்று குழறலாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, அவரே முதலில் சொன்னார்.