வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

ஒரு மென்பொருளை இயற்றப் புகுமுன், அதை உபயோகிக்கப் போகிறவர், நடத்தப் போகிறவர், அதற்குப் பணம் தருகிறவர், அதனால் பாதிக்கப்படக்கூடியவர் ஆகிய எல்லோரையும் அணுகி, அவரவர்க்கு வேண்டியது இன்னதென்று கேட்டு எழுதிவைப்பது கணினித் துறையின் முதற்காரியமாகும். புரோகிராம் எழுதுவதைக் காட்டிலும் இதுவே கடினம் என்பது என் அபிப்பிராயம். பழகிப்போன சிரமத்தைக் குறையென்றே எண்ணாதவர் பலர். சபையில் வாய் திறக்கத் தயங்குபவர் அதனினும் பலர்.

இதற்கு நல்லதொரு திருஷ்டாந்தம் புதுச்சேரி நகரை ஒட்டியே உண்டு. விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம், 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களை ஆரம்பித்தபோது, கணினிகளை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடாமல், கிராமவாசிகள் எந்தச் செய்திக்கு எவரை நாடுகிறார்கள் என்பதையே முதலில் விசாரித்தது. விதை, உரங்களின் விலை, நெல்லின் சந்தை நிலவரம், பெண்களின் ஆரோக்கியம், ஏழைகளுக்குரிய அரசாங்கச் சலுகைகள் என்று தேவைகள் வேறுபட்டன. இடத்தை ஊரார் தரவேண்டும், ஜாதி பேதமின்றி எவரும் உள்ளே வரலாம் என்பவை நிபந்தனைகள். 1954-இல் புதுச்சேரியை இந்தியாவோடு இணைப்பது பற்றிப் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்த கீழூரிலும் ஒரு நிலையம் அமைந்தது. தேச விவகாரத்தில் பிரதிநிதியின் வாக்கு போதும். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு என்ன தெரியவேண்டும் என்பதை ஊர்த்தலைவரிடம் கேட்டு அறிந்துவிட முடியாது.

வீராம்பட்டினத்து மீனவர்களோ, மறுநாள் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை அறிய விரும்பினார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த முன்னறிவிப்பு கிடைத்தது. அதைத் திரையில் வரைபடமாகக் காட்டியிருந்தால், விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு யாதொரு பிரயோஜனமும் இராது. ஆதலால் செய்தியை வில்லியனூரில் பெற்று, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினியைத் தொட்டே அறியாதவரும் அதன் பலனைப் பெற்றார். என்ன வேண்டும் என்று கேட்பதோடு நில்லாமல், எங்கே, எந்த வேளையில், எந்த வடிவில் வேண்டும் என்றும் கேட்டதன் பயன் இது. புதுச்சேரியில் இன்று மென்பொருள் எழுதும் இளைஞர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரியோடு பேசி முடித்துவிடாமல், கவுன்ட்டரில் உட்காரும் எழுத்தரையும் வரிசையில் நிற்கும் முதியவரையும் கண்டு பேசவேண்டுமென்று வேண்டுகிறேன்.

இத்தகைய நிலையமும் ஒலிபெருக்கியும் நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்திலும் இருந்தன. சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், கடல் பொங்கி வருவதைத் தொலைபேசியில் எச்சரிக்க, அச்செய்தி அதே ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டு, ஊரார் வெளியேறி உயிர் தப்பினார்கள்.