கச்சானை எதிர்த்துச் சாரலுக்கு

ஆனி, ஆடி மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து நண்பர்களோடு சைக்கிளில் குற்றாலம் கிளம்பினால், மலை வருவதற்கு வெகு முன்பே மலை தன் வேலையைக் காட்டிவிடும். தென்காசி வரைக்கும் சாலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர்தான் உயர்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் அந்த ஏற்றம் காலுக்குத் தெரியாது. ஆனால் மேற்கிலிருந்து முகத்தில் அறையும் கச்சான் காற்று, வல்லநாடு தாண்டுவதற்குள் ஆளை ஒருவழி பண்ணிவிடும்.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவர் மேல் 20 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், உடம்பு எதிர்கொள்வது 35 கி.மீ. காற்றை. காற்றே இல்லாத நாளோடு ஒப்பிட்டால் தடை ஐந்து மடங்குக்கும் மேல். அதனால்தான் கூட்டாளிகள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போவார்கள். முன்னால் இருப்பவர் காற்றைக் கிழித்துக்கொடுக்க, பின்னால் வருபவருக்குச் சுமை கணிசமாகக் குறையும். முன்னவர் களைத்ததும் அடுத்தவர் முந்துவார்.

இந்தக் காற்று அரபிக்கடலில் நீரைக் குடித்துவிட்டு வருவது. கேரளப் பக்கம் மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, ஈரம் மேகமாகி, மழையாகக் கொட்டிவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது, அது சுமந்துவந்த வெப்பம் காற்றுக்கே திரும்பக் கிடைக்கிறது. ஆகவே மேகமாய் ஏறும் காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 டிகிரிதான் குளிரும். நீரைப் பறிகொடுத்துவிட்டு நம் பக்கம் இறங்கும்போதோ, கிலோமீட்டருக்கு 10 டிகிரி அளவில் சூடேறும். ஏறியபோது இருந்ததைவிடச் சூடாகவும் வறண்டும் அது சமவெளிக்கு வந்துசேர்கிறது. நாம் எதிர்த்து மிதிப்பது மழை பிழிந்தெடுக்கப்பட்ட காற்றை.

அதை உங்கள் முழங்கையிலேயே பார்க்கலாம். தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கையில் வியர்வையே இருக்காது. மயிர்க்கால்களைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். வியர்த்த வேகத்திலேயே காற்று அதை உறிஞ்சிவிட்டு, உப்பை மட்டும் விட்டுப்போகிறது. வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஆபத்து. ஊருக்கு வெளியே உப்பளப் பாத்திகளில் நடப்பதும் இதே வேலைதான். கேரளத்தில் மழை வெளுத்துவாங்கும் மாதங்களில் தூத்துக்குடியில் உப்பு விளைகிறது என்றால், இரண்டையும் செய்வது ஒரே காற்று.

ஆலங்குளம் வரைக்கும் வெயில் காயும். பாவூர்சத்திரத்தை நெருங்கும்போது வானம் சாம்பல் நிறமாகும். அப்புறம் முகத்தில் ஊசி முனையாகச் சில துளிகள். தலைக்கு மேல் மழைமேகம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அரை மில்லிமீட்டர் துளி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில்தான் விழும். ஆயிரம் மீட்டர் இறங்க எட்டு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் வினாடிக்கு 10 மீட்டர் காற்று அதை 5 கி.மீ. தள்ளிக்கொண்டு வந்துவிடும். இன்னும் பொடித் துளிகள் இன்னும் தூரம் வரும், வழியில் ஆவியாகாமல் இருந்தால். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து ஆரியங்காவு கணவாயாக வழிவிடுவதால், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இந்தச் சாரல் தாராளமாகக் கிடைக்கிறது. மழையின் விளிம்பு இதுதான் என்று காரில் போகிறவருக்குத் தெரியாது. சைக்கிளில் போகிறவர் தோலால் அதைத் தொடுகிறார். எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த இடம் அருவி அல்ல, இந்த விளிம்புதான்.

சாரலில் பிரேக்கை நம்பக்கூடாது. நனைந்த இரும்பு ரிம்முக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுகொண்டு உராய்வைக் கெடுக்கும். முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டால்தான் நிற்கும்.

குற்றாலத்தில் உங்கள் தலையில் விழும் நீர் சிற்றாற்று நீர். அது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, நீங்கள் கடந்துவந்த வல்லநாட்டுப் பாலத்தின் அடியில் ஓடுகிறது. தூத்துக்குடி மாநகரின் குடிநீர் அங்கேதான் எடுக்கப்படுகிறது. மிஞ்சியது புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேரும், ஒருகாலத்தில் முத்துக்குளித்த அதே கடலில். காற்று நம் ஊரைத் தாண்டிக் கொண்டுபோகாமல் மலையில் இறக்கிவைத்த ஈரத்தை ஆறு கொண்டுவந்து தருகிறது.

கிளம்புவதென்றால் விடியுமுன் கிளம்புங்கள். இரவில் குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும், மேலே ஓடும் வேகமான காற்று கலந்து கீழே இறங்கும். திரும்பும்போது கச்சான் முதுகில் இருக்கும், மிதிப்பது சுகம். ஆனால் காற்றும் நீங்களும் ஒரே வேகத்தில் போனால், உங்கள் உடம்பைப் பொறுத்தவரை காற்றே இல்லை. போகும்போது காய்ந்த அதே வியர்வை இப்போது சட்டையை நனைத்து வழியும், புழுக்கம் தாங்காது. ஆகவே தண்ணீரைத் திரும்பும் வழிக்கும் மிச்சம் வையுங்கள்.