பழைய அட்டைக்குப் புதிய விசிறி

அம்பத்தூரிலுள்ள என் மாணவர் ஒருவர் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கினார். விசிறி சுழலவில்லை. "ரிச்சி தெருவில் எந்தக் குளிர்விப்பானை வாங்கலாம், சார்?" என்றார். நீங்களாயிருந்தால் எதைப் பார்ப்பீர்கள்? விசிறியின் அளவையா?

கார்டின் சில்லு 120 வாட் திறனை ஏற்பதாகக் கொள்வோம். அத்தனையும் வெப்பமாகவே வெளிவரும். இரண்டு 60 வாட் குண்டு பல்புகளின் சூடு, தபால்தலை அளவிலான இடத்தில்! குளிர்விப்பானின் வெப்பத்தடை வாட்டுக்கு 0.4 டிகிரி என்றால், சில்லு அறைக்காற்றைவிட 48 டிகிரி அதிகமாகச் சூடேறும். மார்கழியில் 25 + 48 = 73. கத்திரி வெயிலில் 40 + 48 = 88! இந்தச் சூட்டில் பல கார்டுகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெப்பத்தடை 0.25 ஆனால் கோடையிலும் 70தான். ஆகவே மார்கழியில் சோதித்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள்.

திருகுத் துளைகளின் இடைவெளியையும் அளந்து செல்லுங்கள். அது எல்லாக் கார்டுகளிலும் ஒன்றல்ல.

மாணவரின் கார்டைக் கழற்றிப் பார்த்தோம். உலோகத் தகடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. தேய்ந்தது விசிறியின் தாங்கி, உலர்ந்தது வெப்பப்பசை. பசை காய்ந்த இடைவெளியில் காற்று புகும். காற்றோ செம்பைவிடச் சுமார் 15,000 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்! விசிறியையும் பசையையும் மட்டுமே மாற்றினார். பசையை மெல்லியதாகத்தான் தடவச் சொன்னேன். அவர் முதலில் தோசைக்கு மாவு ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டார்.