மட்டை, மர்மம், மாயக்காரி – 9: நீலி அழுதது பொய்யா?

உடையார்குடிக் கல்வெட்டோடு போன வாரம் நிறுத்தினேன். அதற்கு முன்னால் உப்பள வரப்பில் மட்டை பிடித்த கதை. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

இந்த வாரம் மாஸ்கோ 1980 ஒலிம்பிக் ஹாக்கி என்று சொல்லியிருந்தேன். வாசுதேவன் பாஸ்கரனின் அணி ஸ்பெயினை 4-3 என்று வென்ற ஆட்டத்துக்கான குறிப்புகள் மேசைமேல் தயாராகத்தான் இருக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு போன வாரக் கட்டுரைக்காக ஒரு விவரத்தைச் சரிபார்க்கப் போய், ஓர் ஊர்ப் பெயரில் மாட்டிக்கொண்டேன். பழையனூர். அதற்குப் பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

நான் தேடியது இதுதான்: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிச் சோழ அரச குடும்பம் தன் வாயால் என்ன சொல்லியிருக்கிறது? உடையார்குடிக் கல்லில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அது அவர்களும் அவர்கள் உறவினர்களும் சொத்தை இழந்த விவகாரத்தைச் சொல்லும் கல். அரண்மனையின் குரல் வேண்டுமென்றால் திருவாலங்காட்டுச் செப்பேடுகளுக்குத்தான் போக வேண்டும். 1905இல் கிடைத்தவை. 31 ஏடுகள், சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை. ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கொடையைச் சொல்பவை. வடமொழிப் பகுதியில் சோழர் குலம் முழுக்க வரிசையாக வருகிறது. ஆதித்தன் வருகிறான், பாண்டியனை வெல்கிறான், பிறகு விண்ணுலகைப் பார்க்கும் ஆசையில் மறைந்துபோகிறான். அவ்வளவுதான். வாள் இல்லை, ரத்தம் இல்லை, ரவிதாசன் இல்லை. அடுத்து, அரியணை ஏறச் சொல்லிக் குடிகள் ஆதித்தனின் தம்பி அருள்மொழியைக் கேட்க, சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்கிறான் அவன்.

கொலை நடந்த வீட்டில் கொலை என்ற சொல்லே இல்லை. குற்றக் கதைகளில் ஊறியவர்கள் இந்த மௌனத்தை உடனே கவனிப்பார்கள். நானும் அதை எழுதி வைத்துக்கொண்டு, சரி, இந்தக் கொடை எந்த ஊரை யாருக்குக் கொடுத்தது என்று பார்த்தேன். கொடை, திருவாலங்காட்டு இறைவனுக்கு. கொடுத்த ஊர், பழையனூர்.

நீலியின் பழையனூர்!

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்தேன். தமிழில் எல்லோரும் மறைத்துப் பேசிய கொலை ஒன்று, எல்லோரும் வாய் ஓயாமல் பேசிய கொலை ஒன்று. இரண்டும் ஒரே செப்பேட்டுக் கட்டில் இருக்கின்றன. ஒன்று இளவரசனின் வரலாறாக, மற்றது வெறும் ஊர்ப் பெயராக. ஒன்பது வாரமாக எழுதுகிறேன், இப்படி ஒரு மகிழ்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை.

நீலி கதை சொல்பவரைப் பொறுத்துக் கை கால் மாறும். எலும்பு ஒன்றுதான். ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகனாகப் பழையனூர் வழியே வருகிறான். அவள் பேயாக, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான் என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். இடுப்பிலிருந்த குழந்தை இறங்கிப் போய் “அப்பா” என்கிறது. எழுபது வேளாளர்கள், உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, அவன் வைத்திருந்த கத்தியையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே அறையில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். எழுபது பேரும் வாக்குத் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

கதை எவ்வளவு பழையது தெரியுமா? ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சித்து உயிர் வாங்கிய ஒருத்தியையும் அதைக் கேட்டு அஞ்சிய பழையனூராரையும் குறிப்பிட்டுவிட்டார். ராஜேந்திரன் ஏடு எழுதும்போதே அது பழங்கதை.

இன்னொன்று. அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் பேய் உருவத்தோடு இறைவன் திருவடியில் இருக்கிறார். தலையால் நடந்து அவர் வந்த ஊர் என்பதால் அங்கே கால் வைக்கச் சம்பந்தர் தயங்கினார் என்பது வழக்கு. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு பேய் மகளிர். புருஷன் விட்டுப் போனவள் ஒருத்தி, புருஷன் கொன்றவள் ஒருத்தி. முதலாமவளைக் கோயிலில் கும்பிடுகிறோம். இரண்டாமவளைப் பழமொழியில் வைத்துத் திட்டுகிறோம்.

சமணர்கள் மட்டும் நீலியை வேறு மாதிரி நடத்தினார்கள். அவர்களுடைய ‘நீலகேசி’யில் பழையனூர்ப் பேய் ஒரு முனிவரால் மனம் மாறி, தத்துவம் கற்று, ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறது. முதலில் அவள் வாதில் வெல்வது யாரைத் தெரியுமா? குண்டலகேசியை. தன்னைக் கொல்லக் கூட்டிப்போன கள்வன் கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டு, பிறகு பௌத்தத் துறவியானவளை. புருஷன் கையால் செத்தவளும் புருஷனைக் கொன்றவளும் எதிரெதிரே உட்கார்ந்து தத்துவம் பேசுகிறார்கள். கொலையைப் பற்றி அல்ல, உயிரைப் பற்றி, அறிவைப் பற்றி. இதற்கு இணையான வில்லி மோதலை நான் எந்த சினிமாவிலும் பார்த்ததில்லை. ‘குண்டலகேசி’ நூல் சில பாடல்கள் தவிர அழிந்துவிட்டது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது உப்பளத்தில். மாசி, பங்குனி வெயில். ஆயா பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் இருக்கும் வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கினால் உயிர் போய் வரும். அன்று எனக்கும் இறங்கியது, அழுதேன். வேலை வாங்குகிறவர் அந்தப் பக்கம் போனவர், “இன்னா பாப்பா, நீலிக் கண்ணீரா?” என்று சிரித்தார். அவர் போன பிறகு ஆயா நிமிரவே இல்லை, உப்பை வாரிக்கொண்டே சொன்னாள்: “அவ புருசன்தான்டி அவளக் கொன்னான். கொன்னவனப் பாத்து அழுதா, அது எப்புடிடீ பொய்யாவும்?”

அப்போது எனக்கு எட்டு வயது. ஆயா சொன்னதன் கனம் புரிய 2023 மே மாதம் வரை ஆனது. மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கும் மேல் செத்தார்கள். குற்றக் கதைகளை விரும்பி வாசிக்கிறவள் நான். அந்த வாரம் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை. சொந்தக் கரையில் பிணம் கிடக்கும்போது அது மர்மக் கதையாக இருப்பதில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்த மறுநாள், டீக்கடை டிவியில் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெஞ்சில் இருந்தவர் ஒருவர், “பணம் வருதுல்ல, நீலிக் கண்ணீர்தான்” என்றார். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். விஷத்தை ஊற்றியவனைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

கொலை வழக்கில் ஒரு பெண் எங்கேயாவது தட்டுப்பட்டால் ஊரின் கண் அவள் மேல்தான் போகும். 1952இல் சென்னையின் ஆளவந்தார் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் தலை. தண்டனை பெற்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும்: அவனுக்கு 7 ஆண்டு, அவளுக்கு 3 ஆண்டு. பெட்டி எப்படி ரயில் ஏறியது என்பதைவிட, அவள் எப்படிப்பட்டவள் என்பதைத்தான் ஊர் அதிகம் பேசியது.

இந்த இடத்தில் ஹாக்கி கொஞ்சம் வந்தே ஆக வேண்டும். பெனால்டி கார்னர் பார்த்திருப்பீர்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, கோட்டின் மேலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துவார். ஒருவர் அதை இழுத்துச் சுழற்றி வலைக்குள் எறிவார். தடுக்க, கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். நான் எப்போதும் பார்ப்பது நான்காவது ஆளை. மட்டையை ஓங்கிக்கொண்டு பந்தை நோக்கிப் பாய்ந்து, தொடாமல் தாண்டி ஓடுவார். தடுக்கிறவர்களின் கண் அரை நொடி அவரோடு போய்விடும். அந்த அரை நொடியில் பந்து உள்ளே.

கல்கியின் நந்தினி அந்த நான்காவது ஆள். கல்வெட்டில் சதிகாரர்களாக ஆண்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. யார் தள்ளினார், யார் நிறுத்தினார், யார் அடித்தார் என்ற விவரம் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது கல்கி அந்த வட்டத்துக்குள் நந்தினியை ஓட விட்டார். தமிழ்நாடே அவளைப் பார்த்தது. ஆதித்தனைக் கொன்ற கை எது என்பதை அவர் கடைசிவரை திட்டவட்டமாகச் சொல்லவில்லை. எழுத்தாளராக அது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. நந்தினியை நான் உயிருக்கு உயிராக நேசிக்கிறேன். ஆனால் இன்று ரவிதாசன் பெயரைக்கூட மறந்தவர்கள், ஆதித்தனைக் கொன்றது நந்தினி என்று அடித்துச் சொல்கிறார்கள். அது கல்லில் இல்லை.

1999இல் ‘படையப்பா’வின் நீலாம்பரி வந்தாள். அவளுக்கு நந்தினிதான் தூண்டுதல் என்று ரஜினிகாந்தே மேடையில் சொல்லியிருக்கிறார். 18 வருடம் ஓர் அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டவள். அந்தக் கோபத்தை ரம்யா கிருஷ்ணன் கண்ணில் வைத்திருந்த விதத்துக்காகவே படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. நீலாம்பரி என்பது தாலாட்டு ராகத்தின் பெயர். இந்த வாரம் எனக்கு அந்தப் பெயருக்குள் நீலி மட்டுமே கேட்கிறாள். நீலாம்பரி அழாத நீலி. அழுதாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட நீலி.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீலி ஏமாற்றினாள், அது உண்மை. கள்ளிக் கட்டையைப் பிள்ளை என்றாள், எழுபது பேரைப் பலிகொண்டாள். அவர்களுடைய வாக்குத் தவறாமையைப் பழையனூர் இன்றும் போற்றுகிறது, போற்றட்டும். ஆனால் அவள் கண்ணீரில் பொய் இல்லை. அந்தச் சபையில் முதல் கொலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல்லை நான் இனி எழுத மாட்டேன்.

மாஸ்கோ அடுத்த வாரம், நிச்சயம். ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக நடந்ததும் அந்த 1980இல்தான். ஜிம்பாப்வேவுக்குத் தங்கம், நம் பெண்களுக்கு நான்காம் இடம். பாஸ்கரனோடு அவர்களையும் எழுத வேண்டும்.

அதற்குள் வாசகர்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நீலி கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். என் ஆயா சொன்ன கதையில் அந்தப் புருஷனுக்குப் பெயரே இல்லை. உங்கள் ஊரில் அவனுக்குப் பெயர் உண்டா?