செத்த கிருமிக்கும் பாசிட்டிவ் வரும்

போன வருஷம் ஒரு ராத்திரி சித்தி போன் பண்ணினார். "டேய், திரும்பவும் இருக்குன்னு போட்டிருக்காங்கடா." சித்தப்பா ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் டிபி மாத்திரை சாப்பிட்டு, குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லி நாலு மாசம்கூட ஆகவில்லை. இருமல் விடவில்லையே என்று யாரிடமும் கேட்காமல் ஒரு தனியார் லேபில் சளியைக் கொடுத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டில் காசநோய்க் கிருமி 'கண்டறியப்பட்டது', அளவு 'குறைவு'. மறுநாளே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். (டிபி தட்டு வழியாகப் பரவாது, காற்று வழியாகத்தான். பயந்துபோன வீட்டில் இதை யார் கேட்பார்கள்?)

நான் டாக்டர் இல்லை, புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். 'கண்டறியப்பட்டது' என்ற அந்த ஒரு சொல்லுக்கு மெஷின் என்ன அர்த்தம் வைத்திருக்கிறது என்று தேடிப் படித்ததன் குறிப்புதான் இது.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதன்பின் நூறு வருஷத்துக்கும் மேலாக நம்மிடம் இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். இன்னொன்று கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஈ.கோலி மாதிரி பாக்டீரியா 20 நிமிஷத்தில் இரண்டாகும். டிபி கிருமி இரண்டாக முக்கால் நாளுக்கு மேல் ஆகும். அதனால் ரிசல்ட் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளி இன்னும் நாலு பேருக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் மரபணுச் சோதனை வந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பெர்ட் மெஷினைப் பரிந்துரைத்தது. நம்மூர் அரசு ஆஸ்பத்திரிகளில் இதைத்தான் சிபிநாட் என்கிறார்கள். இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவியும் இதே குடும்பம். சளியை ஒரு திரவத்தோடு கலந்து கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் பதில். உள்ளே நடப்பது பிசிஆர். சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும், ஆறவைத்தால் நாம் தேடும் எழுத்து வரிசையில் மட்டும் ஒரு சின்னத் துண்டு போய் ஒட்டும், அங்கிருந்து நகல் எடுக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பு. எல்லாம் சரியாக நடந்தால் ஒரே ஒரு பிரதி 30 சுற்றில் 107 கோடி ஆகும். எத்தனையாவது சுற்றில் ஒளி தெரிய ஆரம்பிக்கிறது என்பதை வைத்துத்தான் 'அதிகம்', 'குறைவு' எல்லாம். சீக்கிரம் தெரிந்தால் சரக்கு அதிகம், தாமதமானால் குறைவு.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். ரிஃபாம்பிசின் மருந்து கிருமிக்குள் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. இந்த மருந்துக்கு மசியாத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு மாற்றம் அந்த 81 எழுத்துக்குள்தான். மெஷின் அதன்மேல் ஐந்து ஒளிரும் துண்டுகளை ஒட்டப் பார்க்கிறது. எல்லாம் சரியாக ஒட்டி ஒளிர்ந்தால் மருந்து கேட்கும். ஒன்று ஒளிராவிட்டாலோ, ரொம்பத் தாமதமாக ஒளிர்ந்தாலோ, அங்கே எழுத்து மாறியிருக்கிறது, மருந்து கேட்காது என்று ரிப்போர்ட் போடும். நம்ம பாஷையில் சொன்னால் வெறும் ஸ்ட்ரிங் கம்பேர். எழுத்து மாறியும் புரதம் மாறாத மாற்றங்களும் அபூர்வமாக உண்டு. மெஷினுக்கு அர்த்தம் தெரியாது, அதையும் 'மருந்து கேட்காது' என்றே சொல்லிவிடும்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். இந்த மெஷின் கேட்கும் கேள்வி, 'இந்த எழுத்து வரிசை இந்தச் சளியில் இருக்கிறதா?' என்பது மட்டும்தான். 'கிருமி உயிரோடு இருக்கிறதா?' என்று அது கேட்பதே இல்லை. கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டி உண்டு, உதிரியாக மிதக்கும் டிஎன்ஏவைக் கழுவி விட்டுவிடும். ஆனால் டிபி கிருமியின் உறை மெழுகு மாதிரி தடிமன். செத்த பிறகும் உடையாமல், உள்ளே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு நுரையீரல் தழும்புகளில் கிடக்கும். சிலருக்கு மாசக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட இருமலோடு வெளியே வரும். அதனால்தான் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மைக்ராஸ்கோப்பும் கல்ச்சரும்தான்.

அதற்காக ரிப்போர்ட்டைக் குப்பையில் போடவும் முடியாது. டிபி நிஜமாகவே திரும்பி வரும் நோய், அதுவும் சிகிச்சை முடிந்த முதல் வருஷத்தில் அதிகம். முன்பு டிபி வராத ஒருவருக்கு இதே ரிப்போர்ட் வந்திருந்தால் அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்திருப்பார்கள், அது சரியும்கூட.

சித்தப்பாவைப் பழைய டாக்டரிடமே கூட்டிப் போனோம். அவர் பழைய எக்ஸ்ரேயையும் புதுசையும் விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். சளியை மைக்ராஸ்கோப்புக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார். "மாத்திரை இப்ப வேண்டாம், எடை குறைஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க" என்றார். மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் இல்லை. திரவக் கல்ச்சரில் வளரவில்லை என்று சொல்ல 42 நாள் பார்க்க வேண்டும். அந்த ஆறு வாரமும் சித்தப்பா பின்கட்டில்தான் சாப்பிட்டார்.

43வது நாள் பதில் வந்தது: எதுவும் வளரவில்லை. இருமலுக்குக் காரணம் பழைய டிபி விட்டுப்போன தழும்பு, மூச்சுக்குழாய் அங்கே விரிந்துவிட்டதாம். அப்புறம் அந்த முதல் லேபின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பெயர், வயசு, போன் நம்பர், எந்தப் பேக்கேஜ் என்பதற்கெல்லாம் கட்டம் இருந்தது. முன்பு டிபி வந்திருக்கிறதா என்று எழுத இடமே இல்லை.