மணித்துளிக்கு மூன்று மில்லிமீட்டர்

1941ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் லாசிலி, தம் பார்வைக்குள் தோன்றி மறையும் ஒரு காட்சியைத் தாளில் வரைந்து, அளந்து, வெளியிட்டார். ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக அவர் பார்வையின் நடுப்பகுதியில் சிறியதோர் இருட்புள்ளி முளைக்கும். அதன் விளிம்பில் கோணல்மாணலான ஒளிக்கோடுகள் மின்னும். பிறகு அப்புள்ளி பார்வையின் ஓரம் நோக்கி விரிந்து விரிந்து மறைந்துவிடும். இடைவெளி விட்டு அதன் எல்லையைக் குறித்துக்கொண்டே வந்த லாசிலி, மூளையின் பின்புறத்தில் பார்வைக்கென அமைந்த புறணிமீது ஏதோ ஒன்று மணித்துளிக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் விரைவில் ஊர்ந்து செல்லவேண்டும் எனக் கணித்தார். மண்டையைத் திறவாமல், எழுதுகோலும் கடிகாரமும் கொண்டு செய்த கணிப்பு இது.

மூன்றாண்டு கழித்து, ஆர்வர்டில் வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த பிரேசில் நாட்டவரான அரிசுட்டிடிசு இலியாவோ, முயலின் மூளைப்புறணியில் நரம்பணுக்களின் மின்செயல் அடங்குவதையும், அவ்வடக்கம் அலையாகப் பரவுவதையும் கண்டார். அதன் விரைவும் ஏறத்தாழ அதே அளவினது. இரண்டையும் இணைத்துப் பார்க்க அறிவியல் உலகுக்கு 1958 வரை ஆயிற்று. 2001இல் காந்த ஒத்ததிர்வுப் படம், ஒளிக்காட்சி தோன்றும் வேளையில் மனித மூளையிலேயே அத்தகைய அலையைக் காட்டியது. லாசிலியின் எண் பெரிதும் மாறவில்லை.

இவ்வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒற்றைத் தலைவலி, காலவொழுங்கு உடையதொரு மூளை நிகழ்ச்சி. நாம் நோயென்று அழைக்கும் வலி அதன் இடைக்கட்டம். சிகிச்சையின்றி விட்டால் 4 முதல் 72 மணிநேரம் நீடிப்பது. ஒளிக்காட்சி நோயாளிகளுள் சிறுபான்மையினர்க்கே உண்டு. காலவொழுங்கோ அனைவர்க்கும் உண்டு. ஒரே மருந்து ஒருநாள் கைகொடுப்பதும் மறுநாள் கைவிடுவதும் ஏன் என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வலிக்குப் பல மணிநேரம் முன்னதாகவே கொட்டாவி, கழுத்திறுக்கம், காரணமற்ற எரிச்சல், இனிப்பின்மேல் வேட்கை ஆகியவை தலைகாட்டும். செருமனியின் ஆம்பர்க்கு நகரில் ஆய்வாளர் இருவர் ஒரே நோயாளியின் மூளையை 30 நாள் நாள்தோறும் படமெடுத்து, அம்முடிவை 2016இல் வெளியிட்டனர். வலிக்கு முந்திய 24 மணிநேரத்தில், பசியையும் உறக்கத்தையும் ஆளும் மூளையடிப் பகுதியின் செயல் மாறியிருந்தது. “இனிப்பைத் தின்றேன், தலைவலி வந்தது” என்பவர் பழியைத் தவறான இடத்தில் போடுகிறார் என்று கருத இடமுண்டு. தலைவலி முன்பே தொடங்கிவிட்டது. இனிப்பைக் கேட்டதே அதுதான்.

இதனால் தூண்டுவன எல்லாம் பொய்யென்று ஆகிவிடாது. பட்டினி, உறக்கக்கேடு, கடுவெயில், மாதவிலக்கையொட்டிப் பெண்ணியக்குநீர் சட்டெனக் குறைதல் ஆகியவை உண்மையான தூண்டல்கள். பெண்களை இந்நோய் ஆண்களைவிட ஏறத்தாழ மும்மடங்கு தாக்குவதில் இவ்வியக்குநீருக்குப் பெரும்பங்கு உண்டு. தலைக்குக் குளித்தாலே தலைவலி வருகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் வெற்றுப்பேச்சன்று. மும்பை மருத்துவர் இரவிசங்கர், இவ்வாறு துன்புற்ற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் மருத்துவ இதழொன்றில் எழுதியுள்ளார். மேலைநாட்டு நூல்களின் தூண்டற் பட்டியலில் பாலாடைக்கட்டியும் செந்திராட்சை மதுவும் இருக்கும்; ஈரக் கூந்தலைத் தேடினால் கிடைப்பது அரிது.

மூளைக்குத் தனக்கென வலியுணர்வு இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் உறையிலும் அங்குள்ள குருதிக்குழாய்களைச் சுற்றியும் முக்கிளை நரம்பின் இழைகள் படர்ந்துள்ளன. வலி அவற்றின் வழியே வருகிறது. தூண்டப்பெற்ற அவ்விழைகள், 37 அமினோ அமிலங்களால் ஆன சி.ஜி.ஆர்.பி. என்னும் புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. நோய் தாக்கும் வேளையில் கழுத்துச் சிரைக் குருதியில் அது மிகுவதைப் பீட்டர் கோட்சுபி, இலார்சு எட்வின்சன் ஆகியோர் 1990இல் காட்டினர். 2002இல் தென்மார்க்கு நாட்டு ஆய்வாளர்கள் அதனை நோயாளிகளின் சிரையில் செலுத்தி ஒற்றைத் தலைவலியையே வருவித்தனர். இப்புரதத் துணுக்கின் செயலை அடக்கும் எதிர்ப்பொருள் மருந்துகளுள் முதலாவது 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கண்டறிந்ததற்கும் மருந்துக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம்.

அன்றாட நோயாளிக்கு இவ்வரலாற்றைவிட வேண்டியது முதல் ஒருமணிநேரம் பற்றிய அறிவு. தாக்குதல் முற்றும்போது வலிச்செய்தியை ஏற்கும் நடுவண் நரம்பணுக்களும் தாமே கிளர்ச்சியுற்றுவிடுகின்றன. அப்பொழுது சீப்பு பட்டால் வலிக்கும், மூக்குத்தி உறுத்தும், தலையணையே பகையாகும். அந்நிலைக்குப் பின் சுமாட்டிரிப்டான் போன்ற மருந்துகள் பெரும்பாலும் வலியை முற்றாகப் போக்குவதில்லை. இரைப்பையும் அவ்வேளையில் இயக்கம் தளர்ந்து கிடப்பதால், விழுங்கிய மாத்திரை குடலுக்குச் சென்று குருதியில் கலப்பதும் தாமதமாகிறது. இதற்காகவே மருத்துவர் சிலவேளை குமட்டலடக்கும் மருந்தைச் சேர்த்தளிப்பர். வாந்தி மிகுந்தவர்க்கு மூக்கில் தெளிக்கும் மருந்தையோ ஊசியையோ தேர்வர். “தாங்க முடியாவிட்டால் மட்டும் மாத்திரை போடு” என்னும் வீட்டு அறிவுரை, நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், மருந்தின் பயன் குன்றிய பிறகே அதை உட்கொள்ளச் செய்கிறது. வலி மெலிதாக இருக்கும்பொழுதே, போதிய அளவில், ஒருமுறை உட்கொள்வதே சிறந்தது. இதயக் குருதிக்குழாய் நோயுள்ளவர்க்கும் பக்கவாதம் கண்டவர்க்கும் டிரிப்டான் வகை ஆகாது.

முந்திக்கொள்ளும் இம்முறைக்கு மாதக் கணக்கிலே ஓர் எல்லை உண்டு. டிரிப்டான், எர்கோட்டமின், கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால் போன்ற எளிய வலிநீக்கிகளை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று திங்களுக்கு மேல் உட்கொண்டுவந்தால் மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். மருந்துக்கடையில் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளின் தீங்கு இதுவே. எர்கோட்டமினும் காஃபீனும் கலந்த அம்மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் கைப்பையில் வைத்திருப்போர் பலர். இந்நிலையில் வலிநீக்கியை நிறுத்துவதே சிகிச்சையின் தலைப்பகுதி. நிறுத்திய முதற்சில நாள்களில் வலி கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் நோயாளி திரும்பி வருவது ஐயமே.

அடிக்கடி தாக்கப்படுவோர்க்குத் தேவை தடுப்பு மருந்து. இவற்றுட் பெரும்பாலானவை வேறு நோய்க்கெனப் பிறந்தவை. புரொப்பிரனலாலை நெஞ்சுவலிக்காக உட்கொண்டவர்க்குத் தலைவலியும் தணிந்தது 1966இல் தற்செயலாய்த் தெரியவந்தது. அமிட்டிரிப்டிலின் மனச்சோர்வுக்கானது, டோபிரமேட்டும் வால்புரோவேட்டும் வலிப்புக்கானவை. பின்னவை இரண்டும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. எனவே மணவாழ்வில் இருக்கும் இளம்பெண் அவற்றை மருத்துவரிடம் கேட்டறியாமல் தொடங்கலாகாது. ஒளிக்காட்சியுடன் தலைவலி வரும் பெண்கள், பெண்ணியக்குநீர் அடங்கிய கருத்தடை மாத்திரையைப் பற்றியும் கேட்கவேண்டும். பக்கவாத இடர் அதனால் கூடும்.

முன்னெப்போதும் இல்லாத கடுந்தலைவலி இடிபோல் ஒரு நொடியில் வந்தாலும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தாலும், கைகால் தளர்ந்தாலும், ஐம்பது வயதுக்குமேல் முதன்முறை தோன்றினாலும் ஒற்றைத் தலைவலியென்று தாமே முடிவுகட்டாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

தடுப்பு மருந்தின் பயனைத் தீர்மானிக்க இரண்டு மூன்று திங்கள் ஆகும். இரண்டே வாரத்தில் “கேட்கவில்லை” என்று கைவிடப்பட்ட நல்ல மருந்துகள் எத்தனையோ. மாதத் தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தால் அதை மருத்துவம் வெற்றியெனக் கொள்கிறது. நாட்காட்டியில் வலித்த நாளுக்கு ஒரு குறி, மாத்திரை உட்கொண்ட நாளுக்கு மற்றொரு குறி இட்டுவந்தாலே இக்கணக்கு கிடைத்துவிடும். நினைவாற்றலை நம்பினால் கடைசியாக வந்த வலியே முழு மாதத்தையும் மறைத்துக்கொள்ளும். பயன் நிலைத்தபின் ஆறு முதல் பன்னிரண்டு திங்களில் மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். குறிகள் மீண்டும் நெருங்கத் தொடங்கினால் பழைய அளவுக்குத் திரும்புவர்.